சிட்டுக்கு எத்தனை மாதம்

பிப்ரவரி 3, செவ்வாய்

மாட்டு டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். அவர் பேர் ஹெலன். இன்றைக்குப் பால் சொசைட்டியில் முகாம் போட்டிருந்தார்கள். நானும் சிட்டுவை ஓட்டிக்கொண்டு போனேன்.

"எப்பம்மா காளை சேர்ந்துச்சு?"

"மாரியம்மன் நோம்பி அன்னைக்குங்க."

"தேதி சொல்லுங்கம்மா. ஒருத்தர் நோம்பிங்கறீங்க, ஒருத்தர் அமாவாசைங்கறீங்க, நான் பஞ்சாங்கமா வச்சிருக்கேன்? ஒரு நோட்டு போடுங்க. என்ன தின்னுச்சு, எப்பக் கத்துச்சு, பருவத்துக்குப் பின்னால வழும்பு ஒழுகுச்சா, தினமும் தேதி போட்டு எழுதுங்க."

நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். பால் அட்டையில் கையெழுத்துப் போடுவதோடு சரி. நோட்டு பிரதீபாவுடையது. முன்னால் பதினொரு பக்கம் அவள் காலேஜில் எழுதியது. அதைக் கிழிக்கவில்லை. பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

சிட்டு, ஜெர்சிக் கலப்புக் கிடாரி. வயது பதினாறு மாதம். முதல் சினை. உடம்பு சின்னது. காலையில் சோளத்தட்டு இரண்டு கட்டு, தவிடு ஒரு படி. சாணி நன்றாகப் போட்டது.

பிரதீபா என் மகள். போன மாதம் பத்தாம் தேதி தவறிப்போனாள். பத்தொன்பது வயது.

பிப்ரவரி 4, புதன்

தீனி நேற்று மாதிரியே. தண்ணீர் இரண்டு தொட்டி.

சிட்டு பிறந்த மூன்றாம் நாளே அதன் தாய் பாம்பு கடித்துச் செத்துவிட்டது. பிரதீபாதான் பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தாள். தினமும் மாலை நாலு நாற்பதுக்குக் காலேஜ் பஸ் முக்குரோட்டில் ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் சிட்டு அசை போடுவதை நிறுத்திவிட்டு வாசல் படலைப் பார்க்கும். அவள் உள்ளே வந்து அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள்.

பஸ் இன்றைக்கும் ஹாரன் அடித்தது. சிட்டுவும் பார்த்தது. டாக்டரம்மாவுக்கு இது வேண்டுமோ வேண்டாமோ, எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

என் வீட்டுக்காரர் பேர் அர்த்தநாரி. போர்வெல் வண்டியில் ராய்ப்பூர்ப் பக்கம் வேலை. வருசத்தில் எட்டு மாதம் அங்கேதான் இருப்பார். மகள் போனதும் வந்தவர் இன்னும் திரும்பவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் வேலியைப் பிரித்துக் கட்டுகிறார், கட்டியதைத் திரும்பவும் பிரிக்கிறார்.

இன்றைக்குச் சினை ஊசி போடும் செல்லமுத்துவைக் கூட்டிவந்தார்.

"இத்துனூண்டு கிடாரி. பக்கத்துத் தோட்டத்துக் காளை ஏறிப்போட்டுது. இது கன்னு போடற வரைக்கும் தாங்குமா?" என்றார்.

"தாங்காதுங்கண்ணா. நோம்பி அன்னைக்குன்னா இன்னைக்கு மூணு மாசம். ஒரே ஊசி. மூணு நாள்ல விழுந்துரும். அப்புறம் ஒரு வருசம் நல்லாத் தேத்தி, உசந்த ரகமா ஊசி போட்டுக்கலாம்."

"ரத்தம் போகுமா?" என்று நான் கேட்டேன்.

செல்லமுத்து சிரித்தான். "மாட்டுக்குத்தான போவுதுங்க்கா, உங்களுக்கா போவுது?"

நான் கட்டுத்தரைக்குப் போய்ச் சாணி அள்ளினேன். அள்ளியிருந்த இடத்தையே திரும்பவும் அள்ளினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நோம்பி நாளை ஒழுங்காக எழுதுகிறேன். நவம்பர் 5, புதன்கிழமை. காலையிலிருந்தே சிட்டு கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பினால் காளை உள்ளே நிற்கிறது. அதனால் அன்றைக்குத்தான் சினைப்பட்டது என்று எல்லாரும் சொன்னோம்.

அன்றைக்கு எங்கள் ஊரில் கன்னிப் பெண்கள் ஆற்றிலிருந்து தீர்த்தக்குடம் எடுத்து வருவார்கள். பிரதீபா ஆறு வருசமாக எடுத்தவள். இந்த முறை வரவில்லை என்றாள். "நான் தூரம்மா" என்றாள். தூரமானவள் குடத்தைத் தொடக்கூடாது. வீட்டின் பின்பக்கம் தனியாகப் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாள் தட்டும் டம்ளரும் தனி. நான்தான் சோறு போட்டேன்.

அதை வைத்துத்தான் நான்

தீனி குறைவில்லை. வழும்பு இல்லை.

பிப்ரவரி 11, புதன்

நாலு நாற்பதுக்குச் சிட்டு படலைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

டாக்டரம்மா பக்கத்துத் தோட்டத்தில் ஆட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்தார். கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மற்றதைக் கையால் மூடிக்கொண்டேன். ஊசி போட்டுக் கலைக்கப் போகிறார்கள் என்றும் சொன்னேன்.

"யார் கணக்கு வச்சு மூணு மாசங்கறீங்க?"

"நோம்பி அன்னைக்குக் கத்துச்சுங்களே. சினையா இருந்தாக் கத்துமா?"

"கத்தும். நூறு மாட்டுல நாலஞ்சு மாடு சினையா இருக்கும்போதே பருவத்துக்கு வந்த மாதிரி கத்தும், காளைய நிக்க விடும். அதை நம்பி நாள் எண்ணுனா மொத்தமும் தப்பாப் போயிரும்."

"அப்ப வெளிய தெரியறத வெச்சு எண்ணக்கூடாதுங்களா?"

"கூடாது. ஸ்கேன் வச்சு உள்ள இருக்கறத அளந்தாத்தான் வயசு தெரியும். நாள் கடந்துபோன சினைக்குக் கலைக்கற ஊசியப் போட்டா பாதி விழும், பாதி உள்ள நிக்கும், ரத்தம் கட்டாது. தாயும் போயிரும். மிசின் வேற முகாம்ல இருக்கு. இருபத்தொண்ணாம் தேதி சனிக்கிழமை கொண்டு வர்றேன். அதுவரைக்கும் யாரையும் ஊசி போட விடாதீங்க."

சரிங்க என்றேன். அவர் போன பிறகும் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வந்து, "என்ன மயிலா, வெயில்ல நின்னுட்டு" என்றபோதுதான் காலில் சூடு தெரிந்தது.

பிப்ரவரி 14, சனி

நேற்று எழுத முடியவில்லை.

ஜனவரி முதல் வாரம். துணி துவைத்துக் காயப்போடும்போது பிரதீபா கையைத் தூக்கினாள். அப்போது அவள் உடம்பைப் பார்த்தேன். பெற்றவளுக்குத் தெரியாதா. உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவள் அழுதாள். "அம்மா, அது வந்து, அமாவாசைக்கு" என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். "வாயத் தொறக்காத. ஒண்ணும் சொல்லாத. உங்கப்பனுக்குத் தெரிஞ்சா அங்கயே செத்துப் போவாரு" என்றேன். யார் என்று கேட்கவில்லை. என்றைக்கு என்றும் கேட்கவில்லை. நானே எண்ணினேன். நோம்பிக்குத் தூரமாக இருந்தாளே, அங்கிருந்து எண்ணினால் இரண்டு மாதம்.

எட்டாம் தேதி பஸ் ஏறி வெளியூரில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஊர் பேர் எழுத மாட்டேன். அங்கே இருந்த பெண், "எத்தன மாசம்?" என்றாள். "ரெண்டு" என்றேன். "ஸ்கேன் எடுத்தீங்களா?" என்றாள். எடுக்கவில்லை என்றேன். ஸ்கேன் சென்டரில் ஆதார் கேட்பார்கள், பேர் எழுதுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். அதற்குப் பயந்துதான் எடுக்கவில்லை.

பிரதீபா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். நான் ஒன்றும் பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் பேசவில்லை.

அந்தப் பெண் மாத்திரை கொடுத்தாள். வீட்டுக்கு வந்தோம்.

சிட்டு இன்றைக்குத் தவிட்டில் பாதிதான் தின்றது.

பிப்ரவரி 18, புதன்

வெள்ளிக்கிழமை செல்லமுத்து ஊசியோடு வருகிறான் என்று வீட்டுக்காரர் சொன்னார். சனிக்கிழமை டாக்டரம்மா வருகிறார், ஒரு நாள் பொறுங்கள் என்றேன்.

"ஏன், அவன் இருபது வருசமா ஊசி போடறவன், அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. கையி விட்டுக்கூடப் பாக்கல. நாம சொன்ன நாள வெச்சுத்தான சொல்றான்."

"நாம சொன்னது தப்பா? காளை நின்னதக் கண்ணுல பாத்தமல்லோ."

"கண்ணுல பாத்தது கணக்கில்லைங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "அது அவ வளத்த கன்னு, மயிலா. சின்ன ஒடம்பு. கன்னு போட மாட்டாம அதும் செத்துப்போச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டன். அதுக்குத்தான் சொல்றன்" என்றார்.

அவரும் அதைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். நானும் பிரதீபாவைக் காப்பாற்றத்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

செல்லமுத்து பத்து மணிக்கு வந்தான். பையிலிருந்து ஊசியை எடுத்தான். நான் சிட்டுவின் கயிற்றை அவிழ்த்து என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"புடிச்சுக் கட்டுங்க்கா."

"போட வேண்டாம்."

"அண்ணன் சொல்லித்தான் வந்தனுங்."

"நான் சொல்றன், போட வேண்டாம்."

"என்னுங்க்கா இது, மாட்டுக்கு வளைகாப்பு நடத்தப் போறீங்களா?" என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "கயித்தக் கொடு மயிலா" என்று கிட்டே வந்தார். நான் கொடுக்கவில்லை. கல்யாணமான இருபத்து மூன்று வருசத்தில் அவர் கேட்டு நான் கொடுக்காமல் இருந்தது இது ஒன்றுதான். சிட்டு மிரண்டு இழுத்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. நானும் சிட்டுவும் படலைத் தாண்டி ஏரிக்குள் இறங்கிவிட்டோம். ஏரியில் தண்ணீர் இல்லை. கருவேல நிழலில் மூன்று மணி வரை நின்றோம். அது மேய்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் என் கைக்கு மஞ்சள் குழைத்து வைத்திருந்தார்.

பிப்ரவரி 21, சனி

டாக்டரம்மா வந்தார். சிட்டுவை இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிறுத்திக் கட்டினோம். வீட்டுக்காரர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா தோள் வரைக்கும் நீளமான உறை மாட்டி, சாணியை வெளியே எடுத்துவிட்டு, ஒயர் கோத்த சின்னக் கருவி ஒன்றைக் கைக்குள் வைத்துக்கொண்டு கையை உள்ளே விட்டார். கழுத்தில் ஒரு பெட்டி தொங்கியது. அதில் படம் வந்தது. புள்ளி புள்ளியாகக் கறுப்பும் வெள்ளையும்.

"கன்னு கீழ இறங்கிருச்சு. சின்னதா இருந்தாத் தலையிலிருந்து பின்பக்கம் வரைக்கும் முழுசா அளந்துடலாம். இப்ப முழுசா அகப்படாது. தலை கிடைக்குதான்னு பாக்கறேன்."

வெகுநேரம் தேடினார். வியர்வை மூக்கில் சொட்டியது.

"கிடைச்சிருச்சு. இதோ கண்ணு. கண்ணோட அளவ வச்சும் வயசு சொல்லலாம்."

நானும் பார்த்தேன். வெள்ளை எலும்புக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டம், நாவல்பழம் மாதிரி. டாக்டரம்மா பொத்தானை அழுத்தினார். வட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. நடுவில் கோடு விழுந்தது. அந்தக் கண் எங்கேயும் பார்க்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

"மூணு மாசம் இல்லம்மா. அஞ்சு. ஒரு வாரம் பத்து நாள் முன்னப் பின்ன இருக்கலாம். செப்டம்பர் இருபது வாக்குல சேர்ந்திருக்கு. நேத்து ஊசி போட்டிருந்தா இன்னைக்கு நான் இதுக்கு ரத்தம் கட்ட மருந்து தேடிக்கிட்டு நின்னிருப்பேன்."

வீட்டுக்காரர் சிட்டுவின் கழுத்தைத் தடவினார். "நோம்பியன்னைக்குத்தானுங்க நாங்க பாத்தோம்" என்றார்.

"நோம்பிய வெச்சு எண்ணுனா ரெண்டு மாசம் ஏமாத்திப் போடும்ங்க. அவளையும் நான் அப்படித்தான் எண்ணி" என்றேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டிருந்தார், அவர் காதில் விழவில்லை. இவர் காதில் விழுந்துவிட்டது. தடவிய கை அப்படியே நின்றது.

பிப்ரவரி 22, ஞாயிறு

புதுக் காலண்டரை எப்போதும் பழையதின் மேலேயே மாட்டுவோம். பழையதை எடுத்துச் செப்டம்பரைப் பார்த்தேன். இருபத்தொன்று, ஞாயிறு. புரட்டாசி அமாவாசை.

அன்றைக்கு நானும் என் அண்ணனும் எங்கள் அப்பாவுக்குத் திதி கொடுக்கப் பவானி கூடுதுறைக்குப் போனோம். பிரதீபா பரீட்சை என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டாள். வருசத்தில் அவள் தனியாக இருந்தது அந்த ஒரு நாள்தான். சாயங்காலம் வந்தேன். படலின் கயிறு மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. நாங்கள் ஒரு சுருக்குத்தான் போடுவோம். கேட்டதற்கு, "காத்துக்குத் தெறந்துக்கிச்சும்மா, அதான் இறுக்கிக் கட்டுனேன்" என்றாள். அடுப்படியில் இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. சிட்டு நனைந்திருந்தது. யாரும் சொல்லாமலே குளிப்பாட்டியிருந்தாள். எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

படல் காற்றுக்குத் திறக்காது. வந்தவன் திறந்துவிட்டு வந்திருக்கிறான். அந்த நேரத்தில்தான் காளையும் நுழைந்திருக்கிறது. அது தெரியக்கூடாது என்றுதான் சிட்டுவைக் குளிப்பாட்டியிருக்கிறாள்.

அமாவாசைக்கு என்று அவள் சொல்ல வந்தாள். சொல்லவிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவளுக்கும் சிட்டுவுக்கும் ஒரே கணக்குதான். நோம்பிக்கு அவள் தூரமே இல்லை. வயிற்றில் இருந்ததோடு தீர்த்தக்குடத்தைத் தொட மனசு வராமல் பொய் சொல்லியிருக்கிறாள். மூன்று நாள் பின்பக்கத்தில் தனியாக உட்கார்ந்து பொய்யாகத் தனித்தட்டில் தின்றிருக்கிறாள்.

மாத்திரை சாப்பிட்ட அடுத்த நாள் ரத்தம் நிற்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "அப்படித்தாம்மா போகும், சாதாரணம்" என்றாள். நம்பினேன். துணி மாற்றினேன். பத்தாம் தேதி விடியும்போதுதான் ஆட்டோவுக்குச் சொன்னேன். ஆட்டோ முக்குரோட்டைத் தாண்டவில்லை. கர்ப்பப்பையில் கட்டி, உடைந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். ராய்ப்பூருக்கும் அப்படியேதான் சொன்னேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

மூன்று நாளாக அவர் வேலி கட்டவில்லை. சாயங்காலம் சிட்டுவுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"புள்ளைக்கு எத்தன மாசம், மயிலா?"

சிட்டுவுக்கா என்று நான் கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

"நாலுங்க. நான் ரெண்டுன்னு சொன்னன்."

கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். தட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமல்லோ."

"பயந்துட்டனுங்க."

"எனக்கா?"

தலையை ஆட்டினேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான் அவள என்ன பண்ணியிருப்பன்னு நெனச்ச?" என்றார். என்ன நினைத்தேன் என்று எனக்கே இப்போது ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 25, புதன்

ராய்ப்பூருக்குப் போய்விட்டார். சொல்லிவிட்டுப் போகவில்லை. டாக்டரம்மா கன்று போடும் தேதி என்று எழுதிக் கொடுத்த சீட்டை நிலைப்படிக்கு மேலே ஒட்டியிருந்தேன். அது இல்லை. அவர்தான் எடுத்துப் போயிருக்க வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

ஆறு மாதம். வயிறு வலப்பக்கம் தெரிகிறது. போன் இல்லை.

ஏப்ரல் 30, வியாழன்

டாக்டரம்மா பார்த்தார். கன்று பெரிதாகிவிட்டால் வெளியே வராது, தீவனத்தை அளந்து போடுங்கள், தினமும் நடக்க விடுங்கள் என்றார். தினமும் ஏரிக்கு ஓட்டிப் போகிறேன். வழியில் அவளைப் புதைத்த இடம். சிட்டு அங்கே நிற்காது. நான் நிற்பேன். கயிறு இழுக்கும்.

மே 21, வியாழன்

காலேஜ் லீவு. பஸ் கிடையாது. ஆனாலும் நாலு நாற்பதுக்குச் சிட்டு படலைப் பார்க்கிறது. சத்தமே இல்லாமல் எப்படித் தெரிகிறதோ.

ஜூன் 14, ஞாயிறு

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. இந்த வாரம் அவளுக்குப் பிரசவம் ஆகியிருக்கும்.

ஜூன் 25, வியாழன்

விடிந்ததும் சிட்டு நின்று நின்று படுத்தது. வால் தூக்கியது. ஏழரைக்குப் பனிக்குடம் உடைந்தது. உடனே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். பொறுத்துப் பார்க்கவில்லை.

இரண்டு குளம்பு தெரிந்தது, அதற்குமேல் வரவில்லை. டாக்டரம்மா கயிறு கட்டினார். "நான் சொல்லும்போது மட்டும் இழுங்க. அது முக்கும்போதுதான் இழுக்கணும்" என்றார். சிட்டு கத்தியது. என் பழைய தழும்பு பிரிந்து கயிறு சிவந்தது. பத்து மணி சுமாருக்கு மூக்கு வந்தது, தலை வந்தது, பிறகு மொத்தமும் ஒரே வழுக்கலாக என் மடியில் வந்து விழுந்தது. கிடாரிக் கன்று. கண் திறந்திருந்தது.

பின்னால் ரத்தம் போனது. "இது சாதாரணம்மா" என்றார் டாக்டரம்மா. சாதாரணம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். திரும்பவும் கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பையைத் தூக்கப்போனவர் திரும்பி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நச்சுக்கொடி முழுசாக விழும் வரை, ஒரு மணி வரை, இருந்தார்.

அவர் போன பிறகு போன் அடித்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு.

"போட்டுருச்சா?"

"போட்டுருச்சுங்க. கிடாரிக் கன்னு."

"சிட்டு?"

"நல்லா இருக்குதுங்க. நின்னுட்டிருக்குது."

பின்னால் போர்வெல் வண்டி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு, "பேரு வெச்சுப் போடாத. நான் வாரன்" என்றார்.

டாக்டரம்மா கேட்ட கணக்கு: செப்டம்பர் 21 முதல் இன்று வரை இருநூற்று எழுபத்தேழு நாள். நான் பிரதீபாவை பஸ் ஏற்றியது நூற்று ஒன்பதாம் நாள்.

காலேஜ் திறந்துவிட்டார்கள். நாலு நாற்பதுக்கு முக்குரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. சிட்டு திரும்பவில்லை. கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

நான்தான் படலைப் பார்த்தேன்.